இறகைப் பிடுங்கும் கிளிக்கு இன்னொரு கிளி மருந்தாகுமா?

நீங்கள் எழுதியதை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். குஞ்சாக வாங்கி, கையால் ஊட்டி வளர்த்த ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி. இப்போது நான்கு வயது. மூன்று வயது வரை எல்லோரிடமும் ஒட்டிக்கொண்டு, பேசிக்கொண்டு, சீட்டியடித்துக்கொண்டு இருந்திருக்கிறது. சில மாதங்களாக மார்பிலும் தொடையிலும் இறகுகளைத் தானே பிடுங்கிக்கொள்கிறது. மாலையானால் அடங்காமல் கத்துகிறது. உங்கள் தோளில் உட்கார்ந்திருக்கும்போது கணவர் பக்கத்தில் வந்தால் ரத்தம் வரும்படி கடித்துவிடுகிறது. இருவரும் வேலைக்குப் போவதால் பகலில் எட்டு, ஒன்பது மணி நேரம் கூண்டில் தனியாக இருக்கிறது. உணவு பெரும்பாலும் சூரியகாந்தி விதை. “எல்லாம் தனிமையால் வருவது, ஒரு ஜோடி வாங்கிவிட்டால் அடங்கிவிடும்” என்று தெரிந்தவர் ஒருவர் சொல்லியிருக்கிறார். வாங்கலாமா என்று கேட்கிறீர்கள்.

இப்போதைக்கு வாங்க வேண்டாம். ஆனால் அதோடு முடித்துவிட்டால் நீங்கள் உண்மையில் கேட்டதற்குப் பதில் சொன்னதாகாது. இது நோயா, வளர்ப்புக் கோளாறா, வயதின் இயல்பா, இனிமேல் சரியாகுமா என்பதுதான் உங்கள் கடிதம் முழுவதும் ஓடும் கவலை. நான் கால்நடை மருத்துவன். பல ஆண்டுகளாகப் பறவைகளையே அதிகம் பார்க்கிறேன். இறகைப் பிடுங்கும் கிளியைக் கொண்டுவருகிறவர்களில் பலரும் இதே கேள்வியோடுதான் வருகிறார்கள். எழுத்தில் படித்ததை வைத்து உங்கள் பறவைக்கு இன்னது என்று நான் நோயைத் தீர்மானிக்க முடியாது. எந்த வரிசையில் தேட வேண்டும் என்று மட்டும் சொல்ல முடியும். அந்த வரிசையில் இரண்டாவது கிளி கடைசியில்தான் வருகிறது.

முதல் இடம் மருத்துவப் பரிசோதனைக்கு. இறகைப் பிடுங்குவது என்றாலே மனச்சோர்வு, சலிப்பு என்று முடிவுகட்டுகிறார்கள். சலிப்பு ஒரு காரணம் என்பது சரிதான். ஆனால் தோலில் தொற்று, கல்லீரல் கோளாறு, காற்றுப்பைகளில் பூஞ்சை, துத்தநாகம் அல்லது ஈய நஞ்சு, உடலுக்குள் ஏதாவது ஓரிடத்தில் வலி என்று எதுவும் அதே விளைவைத் தரலாம். வலிக்கும் இடத்துக்கு மேலே உள்ள இறகைப் பறவை கொத்திக்கொண்டே இருக்கும். நீங்களே கவனிக்கக்கூடிய ஒரு தடயம் இருக்கிறது. தலையின் இறகுகள் முழுமையாக இருக்கின்றனவா? தன் அலகு தன் தலைக்கு எட்டாது. ஆகவே உடலில் வழுக்கை விழுந்து தலை மட்டும் அழகாக இருந்தால் அது தானே பிடுங்குகிறது என்று கொள்ளலாம். தனியாக வளரும் பறவைக்குத் தலையிலும் இறகு உதிர்ந்தால், முளைக்கும் இறகுகள் கோணலாக, நடுவில் இறுக்கிக் கட்டியதுபோல் வந்தால், சர்க்கோவைரஸால் வரும் அலகு இறகு நோயை முதலில் சந்தேகிக்க வேண்டும். அதற்கு இன்றுவரை குணப்படுத்தும் மருந்து கிடையாது. அது பறவைகளிடையே எளிதில் பரவும். இரண்டாவது கிளியை அவசரப்பட்டு வாங்க வேண்டாம் என்பதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

நாய், பூனைகளை மட்டும் பார்க்கும் மருத்துவர் எவ்வளவு திறமையானவராக இருந்தாலும், பறவைகளில் பழக்கமுள்ள ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். ரத்த அணுக்கள், கல்லீரல், கால்சியம், எக்ஸ்ரே, மேலே சொன்ன வைரஸுக்கான பரிசோதனை ஆகியவற்றைக் கேளுங்கள். போகும்போது அன்றைய எச்சம் விழுந்த தாளையும், பறவை தின்னும் உணவின் படத்தையும் எடுத்துச் செல்லுங்கள். கூண்டின் படத்தையும் மறக்க வேண்டாம். மருத்துவமனையில் அரை மணி நேரம் பேசித் தெரிந்துகொள்வதைவிட ஒரு கூண்டின் படம் அதிகம் சொல்லிவிடும். கழுத்தில் கூம்பு மாட்டிவிட்டால் தீர்ந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கூம்பு அலகைத்தான் தடுக்கும். அரிப்பும் பதற்றமும் அப்படியே இருக்கும், கூம்பினால் வரும் பதற்றமும் சேர்ந்துகொள்ளும். இறகைத் தாண்டிச் சதையையே கிழித்துக்கொள்ளும் பறவைக்கு மட்டும்தான் நான் அதை மாட்டுவேன். கசப்பு மருந்து தெளிப்பதும் எனக்கு உடன்பாடில்லாத ஒன்று. அரிக்கிற தோலில் இன்னொரு எரிச்சலைத்தான் சேர்க்கிறோம்.

இதோடு ஒரு சின்ன வேலையையும் இன்றே தொடங்கிவிடுங்கள். கிராம் காட்டும் சமையலறைத் தராசு ஒன்றை வாங்கி, மேலே ஒரு கம்பைப் பொருத்தி, தினமும் காலையில் உணவு வைப்பதற்கு முன் எடை பார்த்துக் குறித்து வையுங்கள். கிளிகள் நோயை மறைப்பதில் கைதேர்ந்தவை. காட்டில் சோர்ந்து தெரியும் பறவையைத்தான் வல்லூறு முதலில் எடுக்கும். அந்தப் பழக்கம் கூண்டிலும் போவதில்லை. இறகைச் சிலிர்த்துக்கொண்டு கூண்டின் தரையில் உட்காரும் நிலைக்கு வந்துவிட்டால் பெரும்பாலும் நோய் முற்றியிருக்கும். எடையோ அதற்கு வெகு முன்பே இறங்கத் தொடங்கிவிடும். சாம்பல் கிளி சுமார் 400 முதல் 500 கிராம் இருக்கும். ஒரு வாரத்துக்குள் பத்தில் ஒரு பங்கு குறைந்தால், அதாவது 40, 50 கிராம் இறங்கினால், மறுநாள்வரை காத்திருக்க வேண்டாம்.

அடுத்தது உணவு. உங்கள் கடிதத்திலேயே என்னை அதிகம் உறுத்தியது இதுதான். சூரியகாந்தி விதையில் கொழுப்பு மிகுதி, கால்சியம் சொற்பம், வைட்டமின் ஏ இல்லை என்றே சொல்லலாம். அதையே தின்று வளரும் கிளிக்குக் கல்லீரலில் கொழுப்பு படியும். வைட்டமின் ஏ குறையும்போது மூக்கு, வாய், மூச்சுக்குழல் ஆகியவற்றின் உள்தோல் தடித்துத் தொற்றுக்கு இடம் கொடுக்கும்; வெளித்தோலும் வறண்டு அரிக்கும். சாம்பல் கிளிக்கு இதற்கு மேலும் ஓர் ஆபத்து உண்டு. ரத்தத்தில் கால்சியம் குறைந்து வலிப்பு வருவது மற்றக் கிளிகளைவிட இந்த இனத்தில் அதிகம். கம்பிலிருந்து திடீரென்று விழுந்தது, கால் நடுங்கியது, கொஞ்ச நேரம் தடுமாறியது என்று ஏதாவது நடந்திருக்கிறதா? நடந்திருந்தால் மருத்துவரிடம் அதை முதல் வரியாகச் சொல்லுங்கள்.

மாற்று உணவு என்ன என்பதில் நிபுணர்களிடையே அளவைப் பற்றித்தான் கருத்து வேறுபாடு, திசையில் இல்லை. கிளிக்கென்று சத்துகளைக் கலந்து சிறு உருண்டைகளாகத் தயாரித்த பெல்லட் உணவு பெரும்பகுதி, கரும்பச்சைக் கீரையும் கேரட், பூசணி போன்ற செம்மஞ்சள் காய்களும் தினமும், பழம் கொஞ்சம், விதை பரிசாக மட்டும். ஆனால் ஒரே நாளில் விதையை நிறுத்திவிடாதீர்கள். நான்கு வருடம் விதையை மட்டும் பார்த்த பறவைக்கு பெல்லட் ஓர் உணவென்றே தெரியாது. பசித்தால் தானாகத் தின்னும் என்று காத்திருந்து பட்டினியில் பறவையை இழந்தவர்கள் இருக்கிறார்கள். வாரக்கணக்கில் மெல்ல மாற்ற வேண்டும். தராசு இங்கேதான் உங்களைக் காப்பாற்றும். அதன் கண்ணெதிரே நீங்களே ஒரு கேரட் துண்டைக் கடித்துச் சுவைத்துத் தின்று காட்டுங்கள். விளையாட்டாகத் தோன்றும், ஆனால் எந்தத் தட்டு அலங்காரத்தையும்விட அது நன்றாக வேலை செய்கிறது. தண்ணீரில் வைட்டமின் சொட்டு கலப்பதை விட்டுவிடலாம். எவ்வளவு உள்ளே போனது என்று தெரியாது, தண்ணீரில் கிருமி பெருகும், சுவை பிடிக்காமல் பறவை தண்ணீரே குடிக்காமல் போகும். அவகாடோ, சாக்லேட், காப்பி, மது, வெங்காயம், உப்பிட்ட தின்பண்டங்கள் ஆகியவை அறவே கூடாது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் இங்கே செருகிவிடுகிறேன், ஏனென்றால் இது ஒரே மாலையில் எல்லாவற்றையும் முடித்துவிடக்கூடியது. நான்ஸ்டிக் பாத்திரத்தின் பூச்சு சுமார் 280 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது வெளிவரும் புகை, மனிதனுக்கு வாசனைகூடத் தெரியாத அளவிலேயே கிளியைக் கொன்றுவிடும். வெறும் பாத்திரத்தை அடுப்பில் மறந்துவிட்டால் சில நிமிடங்களில் அந்த வெப்பம் வந்துவிடும். மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் புதுக் காற்று நுரையீரல் வழியாக ஒரே திசையில் ஓடும்படி பறவையின் உடல் அமைந்திருக்கிறது. பறப்பதற்குத் தேவையான ஆக்சிஜனை அள்ளித்தரும் அந்த அமைப்பு நஞ்சையும் அதே வேகத்தில் அள்ளிவிடுகிறது. பூச்சி மருந்து, வாசனைத் தெளிப்பான், சிகரெட் புகை எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். கூண்டு சமையலறைக்கு அருகில் இருந்தால் இடத்தை மாற்றுங்கள்.

இனி நடத்தைக்கு வருவோம். காட்டில் இந்தக் கிளி மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் காடுகளில் கூட்டமாக வாழ்கிறது. விடிந்ததும் பறந்து போய், மரம் மரமாகத் தேடி, ஓட்டை உடைத்து, நாரை உரித்துத் தின்ன வேண்டும். நாளின் பெரும்பகுதி இதிலேயே போய்விடும். உங்கள் வீட்டில் அதன் உணவு ஒரு கிண்ணத்தில் வருகிறது. சில நிமிடங்களில் வேலை முடிந்தது. மிச்சமுள்ள பகல் முழுவதும் அந்த அலகுக்கும் மூளைக்கும் என்ன வேலை? உரிப்பதற்கு எதிரே கிடைப்பது தன் இறகு மட்டும்தான். 2021-இல் வெளிவந்த ஓர் ஆய்வு பல கிளி இனங்களை ஒப்பிட்டது. இயற்கையில் உரித்தும் உடைத்தும் தின்ன வேண்டிய உணவைச் சார்ந்த இனங்களே கூண்டில் இறகைச் சேதப்படுத்திக்கொள்ளும் ஆபத்தில் அதிகம் இருக்கின்றன என்றும், உடலோடு ஒப்பிடுகையில் மூளை பெரிதாக உள்ள இனங்களுக்கு ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வது போன்ற பிற கோளாறுகள் கூடுதல் என்றும் அது கண்டது. இதற்குப் பல ஆண்டுகள் முன்பே கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் இளம் அமேசான் கிளிகளை இரு பிரிவாக வளர்த்துப் பார்த்தார்கள். உணவைத் தேடி எடுக்கும் வாய்ப்பு தரப்பட்டவற்றின் இறகுகள் நன்றாக இருந்தன. வெறுமையான கூண்டில் வளர்ந்தவை பிடுங்கத் தொடங்கின; அவற்றுக்கும் பிறகு அதே வாய்ப்பைத் தந்தபோது நிலைமை மேம்பட்டது.

ஆகவே கிண்ணத்தை ஒழித்துக்கட்டுங்கள் என்பதுதான் உங்களுக்கு நான் தரும் முதல் நடத்தைச் சிகிச்சை. உணவைத் தாளில் பொதிந்து, அட்டைப் பெட்டிக்குள் வைத்து, மரத்துண்டின் துளைகளில் செருகி, கூண்டின் பத்து மூலைகளில் பரப்புங்கள். காலையில் நீங்கள் கிளம்பும்போது வைத்ததை மதியம் வரையாவது அது தேடிக்கொண்டிருக்க வேண்டும். கடித்துத் தூளாக்க மென்மரம் வேண்டும். தூளாக்கியதும் புதிது வைக்க வேண்டும். விலை உயர்ந்த பிளாஸ்டிக் பொம்மை ஒன்று ஆண்டுக்கணக்கில் புத்தம் புதிதாகத் தொங்குகிறது என்றால் கிளிக்கு அதனால் பயன் எதுவும் இல்லை என்று பொருள். ஒரே ஓர் எச்சரிக்கை. சாம்பல் கிளி புதிய பொருளைக் கண்டால் மிரளும் இனம். புதுப் பொம்மையை நேராகக் கூண்டுக்குள் தொங்கவிட்டால் பயத்திலேயே பிடுங்கல் கூடிவிடலாம். அறையின் மறுகோடியில் வைத்து, சில நாட்களில் சிறிது சிறிதாக அருகில் கொண்டுவாருங்கள். கூண்டின் ஒரு பக்கமாவது சுவரை ஒட்டியிருக்கட்டும். நான்கு புறமும் திறந்த இடத்தில் அதற்கு நிம்மதி இராது. கிளி உட்காரும் ஒரே தடிமனான வழவழப்பான கம்பை எடுத்துவிட்டு, தடிமன் மாறும் இயற்கைக் கிளைகளை வையுங்கள், பாதப்புண் வராது. இரவில் 10 முதல் 12 மணி நேரம் இருட்டும் அமைதியும் வேண்டும். நள்ளிரவு வரை தொலைக்காட்சி ஓடும் கூடத்தில் கூண்டு இருந்தால், மற்ற எதைச் செய்தும் பாதிப் பயன்தான். தினமும் நீர் தெளித்துக் குளிப்பாட்டுவது தோலுக்கு நல்லது. ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயில் வைட்டமின் டி தராது, அதற்கு வேண்டிய புற ஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். பாதுகாப்பான கூண்டில், நிழலுக்கு ஒதுங்க இடம் விட்டு, சிறிது நேரம் நேரடி வெயில் காட்டுங்கள்.

மாலைக் கத்தலைப் பற்றிக் கொஞ்சம் ஏமாற்றம் தரும் செய்தி: முழுவதுமாக நிறுத்த முடியாது. விடியலிலும் அந்தியிலும் கூட்டத்தைக் கூப்பிடுவது கிளியின் பிறவிக் குணம். காக்கட்டூ, மக்காவ் போன்ற பெரிய கிளி இனங்களின் கத்தல் 100 டெசிபலை எளிதாகத் தாண்டும். அவற்றோடு ஒப்பிட்டால் உங்களுடையது சாது. இயல்பான பத்து நிமிடக் கூப்பாட்டைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஒரு மணி நேரம் நீள்கிறது என்றால் அது கற்றுக்கொண்ட கத்தல், கற்றுக்கொடுத்தது பெரும்பாலும் வீட்டார்தான். கத்தியதும் ஓடிவந்து “சும்மா இரு” என்று அதட்டுகிறோம். அதற்கோ அதட்டலும் ஓர் உரையாடல். நாம் வந்துவிட்டோம், அவ்வளவுதான் அதற்கு வேண்டும். நீங்கள் அடுத்த அறையில் இருக்கும்போது அது சீட்டியடித்தாலோ, ஒரு சொல்லைச் சொன்னாலோ உடனே பதில் குரல் கொடுங்கள். கத்தும்போது பதிலும் பார்வையும் வேண்டாம். முதல் சில நாட்கள் கத்தல் முன்பைவிடக் கூடும். பலர் அந்தக் கட்டத்தில்தான் மனம் தளர்ந்து ஓடிப்போய் நிற்கிறார்கள். அப்படிச் செய்தால் இன்னும் பலமாகக் கத்தினால்தான் ஆள் வரும் என்று பாடம் நடத்தியதாக ஆகிவிடும். தண்டனையாகத் துணி போட்டு மூடுவது வேண்டாம், பயம்தான் வளரும்.

கடிப்பதற்கும் வயதுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. மூன்று முதல் ஐந்து வயதுக்குள் சாம்பல் கிளி பருவமடைகிறது. குஞ்சாக இருந்தபோது எல்லோரிடமும் போன பறவை இப்போது ஒருவரைத் துணையாகத் தேர்ந்தெடுக்கிறது. உங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறது, உங்கள் கணவர் அதன் கண்ணில் போட்டியாளர். முதுகையும் இறக்கைக்கு அடியையும் தடவிக்கொடுக்கிறீர்களா? கிளிகளிடையே அது இணைக்கு மட்டும் உரிய தொடுகை. அன்பென்று நாம் செய்வதை அது அழைப்பென்று எடுத்துக்கொள்கிறது, நிறைவேறாத அந்த அழைப்பின் தவிப்பு பிடுங்கலாகவும் வெளிப்படலாம். உண்டதைக் கக்கி உங்களுக்கு ஊட்ட வருகிறது என்றால் சந்தேகமே வேண்டாம். தலையையும் கன்னத்தையும் மட்டும் வருடுங்கள். சோபாவுக்கு அடி, அலமாரி இடுக்கு, அட்டைப் பெட்டிக்குள் புகுந்து உட்காருவது என்று கூடு போன்ற இருட்டிடங்கள் எதையும் அனுமதிக்காதீர்கள். மேலே நான் சொன்ன உணவுப் பெட்டிகள் உடல் நுழையாத அளவில் இருக்கட்டும். நீண்ட இரவுத் தூக்கம் இங்கேயும் உதவும்.

கணவரைப் பொறுத்தவரை, அதற்கு மிகவும் பிடித்த தின்பண்டம் எதுவோ அது இனி அவர் கையிலிருந்து மட்டுமே வரட்டும். சூரியகாந்தி விதைக்கு இப்போது வேலை வந்துவிட்டது, பாருங்கள். முதலில் கூண்டுக் கம்பிக்கு வெளியே இருந்து கொடுக்கட்டும். கையில் ஏற்றும் முயற்சி எல்லாம் வாரங்கள் கழித்து. ஒரு குச்சியின் நுனியை அலகால் தொட்டால் பரிசு என்ற எளிய பயிற்சியை அவர் நடத்தட்டும். கண்மணி சட்டென்று சுருங்கி விரிவது, பிடரி இறகு எழும்புவது, உடல் முன்னால் சாய்வது ஆகியவை கடிக்கப்போகிறேன் என்பதன் முன்னறிவிப்புகள். அப்போது கையை நீட்டக் கூடாது. அது உங்கள் தோளில் இருக்கும் வரை அவர் அருகில் வரவே வேண்டாம், ஏன், கொஞ்ச காலம் தோளில் ஏற்றாமலேயே இருங்கள். கிளி நம் தலைக்கு மேல் உயரத்தில் உட்கார்ந்தால் அது எஜமானன் ஆகிவிடும், கையை உதறிக் கீழே தள்ளி அடக்க வேண்டும் என்றெல்லாம் பழைய கையேடுகளில் இருக்கும். கிளியின் சமூக வாழ்க்கையில் அதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. உதறித் தள்ளினால் கை என்பது ஆபத்து என்றுதான் அது கற்கும். பறக்க முடியாதபடி இறக்கையின் இறகுகளை வெட்டினால் அடங்கும் என்ற யோசனையும் உங்களுக்கு வந்து சேரும். பொதுவாக வெட்டலாமா கூடாதா என்பதில் மருத்துவர்களே இரு கட்சியாக இருக்கிறார்கள். ஆனால் ஏற்கெனவே பதற்றத்தில் இருக்கும், கனத்த உடல் கொண்ட ஒரு சாம்பல் கிளியின் இறக்கையை வெட்டுவதற்கு நான் உடன்பட மாட்டேன். பறக்க முயன்று நெஞ்சடித்து விழும். இறகில்லாத நெஞ்சு அது.

இப்போது இரண்டாவது கிளி. கிளிக்குக் கிளியின் துணை நல்லது என்பதை நான் மறுக்கவில்லை. தொடக்கத்திலிருந்தே இணையோடு வளர்ந்த கிளிகளிடம் இத்தகைய கோளாறுகள் குறைவாகக் காணப்படுகின்றன என்பதற்குச் சான்றும் உண்டு. உங்களுடையது அப்படி வளரவில்லை. கண் திறந்த நாளிலிருந்து மனிதர்களைத் தவிர வேறு கூட்டம் அறியாத பறவை, புதிதாக வரும் கிளியைத் துணையாக ஏற்கலாம், பொருட்படுத்தாமல் போகலாம், எதிரியாகவும் பார்க்கலாம். எது நடக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல எந்த நிபுணராலும் முடியாது. கால்விரல் துண்டாகி, அலகு உடைந்து வந்த பறவைகளைத் தைத்திருக்கிறேன். ஒத்துப்போனால்கூட, இரண்டும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு உங்களை வேண்டாதவர் ஆக்கிவிடவும் கூடும். அதற்கு மனம் தயாரா என்றும் பாருங்கள்.

நோய் விஷயத்தில் மட்டும் துணிந்து பார்க்க இடமே இல்லை. வெளித்தோற்றத்தில் நலமாக இருக்கும் கிளி சர்க்கோவைரஸையும், இரைப்பையின் நரம்புகளைத் தாக்கும் போர்னாவைரஸையும், கிளிக்காய்ச்சலை உண்டாக்கும் கிளமிடியா கிருமியையும் சுமந்து வரலாம். கடைசியில் சொன்னது மனிதருக்கும் தொற்றும். 1929, 1930 ஆண்டுகளில் விற்பனைக் கிளிகள் வழியாகப் பல நாடுகளில் பரவி உயிர்களைக் குடித்த காய்ச்சல் அதுதான். இன்று டாக்ஸிசைக்ளின் இருக்கிறது. ஆனால் கடும் தலைவலியோடும் வறட்டு இருமலோடும் காய்ச்சல் வந்தால், வீட்டில் கிளி இருப்பதை மருத்துவரிடம் நீங்களாகச் சொன்னால்தான் அவருக்கு அந்த எண்ணமே தோன்றும். சாம்பல் கிளியும் காக்கட்டூவும் உடலிலிருந்து ஒருவகைப் பொடியை உதிர்ப்பவை. வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தால், இரண்டாவது பறவை அந்தத் தூசியை இரட்டிப்பாக்கும். வேறு இனமாக மக்காவ் வாங்கலாமா என்று யோசித்தால், அதே தூசி மக்காவின் நுரையீரலைக் கெடுக்கக்கூடியது. இன்னொரு சாம்பல் கிளியே என்றால் காகிதங்களைக் கேளுங்கள். காட்டில் பிடித்து விற்றே இந்த இனத்தின் எண்ணிக்கையைச் சரித்துவிட்டார்கள். அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் உடன்படிக்கையின் மாநாடு 2016-இல் ஜோகன்னஸ்பர்க்கில் கூடி இதை மிகக் கடுமையான முதல் பட்டியலுக்கு மாற்றியது, 2017 தொடக்கத்தில் அது நடைமுறைக்கு வந்தது. வளர்ப்பில் பிறந்ததற்கான சான்று இல்லாத பறவையைத் தொடாதீர்கள்.

எது உறுதி, எது ஐயம் என்று பிரித்துச் சொல்ல வேண்டியது ஒன்று மீதம் இருக்கிறது. உணவை மாற்றுவதும், அலகுக்கு வேலை தருவதும், தூக்கத்தை ஒழுங்காக்குவதும் எந்தக் காரணத்தால் பிடுங்கினாலும் பறவைக்கு நன்மையே செய்யும், இதில் ஐயமில்லை. இறகு திரும்ப முளைக்குமா என்பது அப்படியல்ல. பிடுங்கிய இடத்தில் இறகு வளரச் சில வாரங்கள் முதல் அடுத்த இறகுதிர்வு வரை ஆகலாம். ஆகவே மாதக்கணக்கில் பொறுக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் பிடுங்கி வேர்க்குழியே கெட்டிருந்தால் அங்கே முளைக்காது. உங்களுடையது சில மாதங்கள்தான் என்பது நம்பிக்கை தருகிறது. காரணம் நீங்கிய பிறகும் பழக்கம் மட்டும் தங்கிவிடும் பறவைகளும் உண்டு. மனநல மருந்துகளைக் கொடுத்துப் பார்க்கிறோம். சிலவற்றுக்கு நன்றாக உதவுகின்றன, ஆனால் சான்றுகள் குறைவு, அளவு மாறினால் ஆபத்து அதிகம். ஹார்மோன் ஊசிகளும் அப்படியே. இவற்றை மருத்துவர் சொல்லாமல் தொடக்கூடாது.

பேசும் கிளி என்ற ஆசையில் வாங்குகிறவர்களிடம் அலெக்ஸின் கதையை நான் சொல்வதுண்டு. ஐரீன் பெப்பர்பெர்க் என்ற ஆய்வாளர் வளர்த்த சாம்பல் கிளி அது. நிறம், வடிவம், பொருள் ஆகியவற்றைப் பெயர் சொல்லும், ஆறு வரை எண்ணும். 2007-இல் 31 வயதில் இறந்தது. அதன் அறிவை வியக்கிறவர்கள், நாள் முழுவதும் அதோடு பேசவும் பழக்கவும் ஆட்கள் மாறி மாறி இருந்தார்கள் என்பதைக் கவனிப்பதில்லை. அந்த அளவு துணையை எந்த வேலைக்குப் போகும் குடும்பமும் தர முடியாது. உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. விற்பவர் உங்களிடம் சொல்லியிருக்க வேண்டியதை நான் சொல்கிறேன். நன்றாகக் கவனித்தால் சாம்பல் கிளி 40 வயதைத் தாண்டி வாழும். சிகாகோ அருகிலுள்ள ப்ரூக்ஃபீல்டு விலங்குக் காட்சிச்சாலையில் குக்கி என்ற காக்கட்டூ 83 வயது வரை இருந்து 2016-இல் இறந்தது.

அதனால் ஆறு மாதம் ஒரு தவணை வைத்துக்கொள்ளுங்கள். பரிசோதனை, உணவு, வேலை, தூக்கம் இவற்றைச் செய்து, எடைக் குறிப்போடு வாரம் ஒரு முறை மார்பைப் படம் எடுத்து வையுங்கள். கண் ஏமாற்றும், படம் ஏமாற்றாது. முன்னேற்றம் தெரிந்து, பரிசோதனைகளும் தெளிவாக இருந்து, அப்போதும் துணை வேண்டும் என்று தோன்றினால் மரபணுச் சோதனையில் பாலினம் தெரிந்த ஒரு பறவையைப் பாருங்கள். சாம்பல் கிளியில் ஆணையும் பெண்ணையும் கண்ணால் பிரிக்க இயலாது. வந்ததும் 45 நாள் தனி அறை, தனிப் பாத்திரம், பழைய பறவைக்கு முதலில் உணவு தந்துவிட்டுப் புதியதைத் தொடுவது என்ற ஒழுங்கு வேண்டும். அதன் பிறகும் தனித்தனிக் கூண்டுதான். முன்னேற்றமே இல்லை, பகல் நேரத் தனிமையை மாற்றவும் வழியில்லை என்றால், பகலில் வீட்டில் இருக்கக்கூடிய, கிளி வளர்த்துப் பழகிய ஒருவரிடம் அதை ஒப்படைப்பதைப் பற்றியும் மருத்துவரிடம் பேசுங்கள். அதை நான் தோல்வியாகக் கருதுவதில்லை. அப்படி முடிவு செய்தால் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். புதியவர் சில வாரங்கள் உங்கள் வீட்டுக்கு வந்து தின்பண்டம் கொடுத்துப் பழகட்டும். கூண்டும் பொம்மைகளும் எடைக் குறிப்பேடும் மருத்துவ அறிக்கைகளும் பறவையோடு சேர்ந்தே போகட்டும்.